உங்கம்மா உப்பைத் தொடவே இல்ல

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்க சௌக்கியமா இருக்கணும், அந்தக் குளிர்ல இருமல் சளின்னு எதுவும் உங்ககிட்ட அண்டாம இருக்கணும். இங்க நாங்களும் சௌக்கியம்னு ஒரு வரி போட்டுத்தானே கடிதம் ஆரம்பிக்கணும், அப்படித்தான் ஆரம்பிச்சேன், அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன், இது ரெண்டாவது தாள். உங்கம்மா இப்போ பரவாயில்ல, மெல்ல எழுந்து நடமாடுறா, என் சட்டையில பித்தான் போனதைக் கூட நேத்து தைச்சுக் கொடுத்தா. எனக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, ஆனா சௌக்கியம்னு எழுதக் கை வரல. தினம் போன்ல முகம் பார்த்துப் பேசுற மகளுக்கு எதுக்கு இந்த வயசுல கடிதம்னு நீ கேப்பே. போன்ல சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன் பாப்பா, உன் முகம் தெரிஞ்சதும் அங்க மழையா, பேரன் ஸ்கூலுக்குப் போனானான்னு பேச்சு வேற பக்கம் ஓடிடுது. தாள் என்னைத் திருப்பிப் பார்க்காது, அதனால தாள்ல எழுதுறேன்.

சமையல்கட்டுக் குழாய் ஒழுகினது நின்னுடுச்சு, ரெண்டு வாரம் இழுத்தடிச்ச பிளம்பர் வந்து அஞ்சே நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிட்டான். மாடி வீட்டு வாத்தியார் பல்செட் கட்டிக்கிட்டாரு, சிரிச்சா விளம்பரத்துல வர்றவர் மாதிரி இருக்காரு, ஆனா அதைப் போட்டுக்கிட்டு ஒரு வார்த்தை பேச வரல, அதனால பேசணும்னா கழட்டிக் கையில வச்சுக்கிறாரு. பக்கத்து வீட்டு டெய்லரம்மா மோட்டார் வச்ச தையல் மெஷின் வாங்கியிருக்கா, காலையில ஆரம்பிச்சா நம்ம சுவரும் சேர்ந்து அதிருது. இப்படி ஊர்க்கதையே ரெண்டு பக்கம் எழுதி முடிச்சுக் கவரை ஒட்டிடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு, அதனால விஷயத்தை இப்பவே போட்டு உடைச்சுடறேன். உங்கம்மா உப்பைத் தொடவே இல்ல. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ நீ கேட்டதுக்கு ஆமான்னு ஒத்துக்கிட்டாளே, அது பொய். அவ உடம்புல தண்ணி ஏறுறது எனக்கு முன்னாடியே தெரியும், நான்தான் மறைச்சேன். எப்படின்னு சொல்றேன், பாதியில மூடி வச்சுடாம கடைசி வரைக்கும் படி.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி முதல் தடவை அவளுக்கு மூச்சு முட்டினப்போ நீ ஓடி வந்தியே, அப்போ டாக்டர் நம்ம மூணு பேரையும் உட்கார வச்சுப் பேசினது ஞாபகம் இருக்கும். ஹார்ட் ஃபெயிலியர்னு அவர் சொன்னதும் எல்லாம் முடிஞ்சுதுன்னே நினைச்சேன். அவர்தான் பொறுமையா, இதயம் நின்னு போச்சுன்னு அர்த்தமில்லைங்க, தள்ளுற பலம் குறைஞ்சிருக்கு, ரத்தத்தை முழுசாத் தள்ள முடியாததால தண்ணி பின்னால தேங்குது, கால்ல தேங்கினா வீக்கம், நுரையீரல்ல தேங்கினா மூச்சுத் திணறல்னு புரிய வச்சாரு. அந்தத் தண்ணி கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எடையில தெரியும், தினம் காலையில பாத்ரூம் போயிட்டு வந்ததும், எதுவும் சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரித் துணியில எடை பாருங்க, ஒரு வாரத்துல ரெண்டு கிலோ ஏறினா யோசிக்காம எங்களுக்குப் போன் பண்ணுங்கன்னு சொல்லி, சுவர்ல ஒட்டிக்க ஒரு தாளும் கொடுத்தாரு. நீ என் தோள்ல கை வச்சு, டாக்டர், எங்கப்பா நாப்பது வருஷம் கடை கடையாப் போய்த் தராசு சோதிச்ச ஆபீசர், எடை விஷயத்துல இவரை மிஞ்ச ஆள் கிடையாதுன்னு சொன்னே. டாக்டர் எழுந்து எனக்குக் கை கொடுத்தாரு. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு, இப்போ அதை நினைச்சா உடம்பெல்லாம் கூசுது.

மத்ததெல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன், அதையும் சொல்லிக்கிறேன், இல்லைன்னா முழு அயோக்கியன்னு முடிவு கட்டிடுவே. ஒன்றரை லிட்டர் பாட்டில்ல கோடு போட்டு அவ குடிக்கிற தண்ணி, டீ, சூப் எல்லாத்தையும் அதுல கழிச்சேன். தண்ணி பிரியுற மாத்திரையைக் காலையிலயே கொடுத்துடுவேன். முழங்கால் வலிக்குதுன்னு அவ முனகினப்போ கூட கடையில சும்மா விக்கிற வலி மாத்திரையை வாங்கித் தரல, அது தண்ணியைத் தேக்கிடும்னு நர்ஸ் சொல்லியிருந்தாங்க. குளிச்சதும் கால் மணி நேரம் உட்கார வச்சுட்டுத்தான் அடுத்த வேலை. உப்பில்லாம அவளே அவ கையால சமைச்சு அதையே சாப்பிடுவா, நான் மட்டும் தட்டுப் பக்கத்துல உப்புக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு அவ கண் முன்னாடியே தூவித் தூவிச் சாப்பிடுவேன், ஒரு நாள் கூட அவ அதை ஏறிட்டுப் பார்த்ததில்ல. எடைக்கு நீ அனுப்பின புது மெஷினைப் பெட்டியோட அலமாரி மேல ஏத்திட்டேன், நான் ரிட்டயர் ஆனப்போ ஆபீஸ்ல கொடுத்தாங்களே முள் வச்ச மெஷின், அதைத்தான் படுக்கையறையில போட்டேன். பேட்டரியில ஓடறதை எப்படி நம்பறதுன்னு உன்கிட்ட வாதம் வேற பண்ணேன். தினம் ஏழு மணிக்கு, அறுபத்திரண்டு புள்ளி நாலு, சரின்னு உனக்கு அனுப்புவேன், நீ கட்டைவிரல் படம் போடுவே. எங்கப்பா மாதிரி ஒரு நர்ஸ் எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடையாதுன்னு நீ உன் ஆபீஸ்ல சொன்னதா மாப்பிள்ளை சொன்னாரு, அதை வாத்தியார்கிட்ட போய்ச் சொல்லிப் பெருமையடிச்சுக்கிட்டேன்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை முள் அறுபத்திமூணைத் தொட்டுச்சு. மழை நாள், தரை ஈரம், மெஷின் சாஞ்சிருக்கும்னு வேற மூலையில நகர்த்திப் போட்டேன், அதே அறுபத்திமூணு. மெஷினுக்கு அடியில முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வர்ற திருகு ஒண்ணு இருக்கு, உங்கம்மாவை இறங்கச் சொல்லிட்டு அதைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஏறச் சொன்னேன், அறுபத்திரண்டு புள்ளி நாலு வந்துச்சு, உனக்கு அனுப்பிட்டேன். ஸ்பிரிங் தளர்ந்து போச்சுன்னு அன்னைக்கு நிஜமாவே நம்பினேன், அந்த ஒரு நாளை மட்டும் நீ மன்னிக்கலாம். வெள்ளிக்கிழமை மறுபடி எழுநூறு கிராம் கூடுச்சு, மறுபடி திருகினேன். வாசக்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிற அஞ்சு கிலோ இரும்பு எடைக்கல்லைத் தூக்கி மெஷின் மேல வச்சிருந்தா கோளாறு மெஷின்லயா உடம்புலயான்னு அந்த நொடியே தெரிஞ்சிருக்கும், எந்தக் கடைக்குள்ள போனாலும் நான் முதல்ல செய்யற வேலை அதுதான். அந்தக் கல்லைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன், தூக்கல. ரெண்டாவது தடவை மூச்சு முட்டல் சீக்கிரமே வந்துட்டா அது நல்லதுக்கில்லைன்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாரு, அதை உன்கிட்ட கூட நான் சொல்லல. ஏறலைன்னு எழுதிட்டா ஏறாதுன்னு ஒரு மடத்தனம். பத்து நாள்ல நாலு தடவை திருகினேன். மேல யாரும் நிக்காதப்போ முள் பூஜ்யத்துக்குப் பின்னால மூணரைக் கிலோ கிட்டப் போய் நின்னுச்சு. அதைப் பார்க்கச் சகிக்காம ஒரு துண்டைப் போட்டு மூடி வச்சேன், எடை பார்க்கிறப்போ மட்டும் முள் தெரியற கண்ணாடி மேலேருந்து ஒதுக்கிப்பேன், எதுக்குத் துண்டுன்னு உங்கம்மா கேட்டதுக்கு, தகடு சில்லுன்னு இருக்கும், உன் காலுக்கு இதமா இருக்கட்டும்னு சொன்னேன். முள் ஏன்டா இங்க நிக்குதுன்னு எத்தனை கடைக்காரனைக் கூட்டத்துக்கு நடுவுல நிக்க வச்சுக் கேட்டிருக்கேன், அவங்க முகமெல்லாம் இப்போ ஒவ்வொண்ணா ஞாபகத்துக்கு வருது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியிலேருந்து வாரா வாரம் வீட்டுக்கு வர்ற நர்ஸ் வந்தாங்க. உங்கம்மாவோட கணுக்காலுக்கு மேல கட்டைவிரலை வச்சு அழுத்தினாங்க, எடுத்த பிறகும் குழி அப்படியே நின்னுச்சு. எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறீங்கன்னு கேட்டாங்க, ஒண்ணு வச்சுக்கிட்டிருந்தேன், இப்போ மூணு வச்சாத்தான் மூச்சு விட முடியுதுன்னு அவ சொன்னா. நர்ஸ் நெத்தியைச் சுருக்கிக்கிட்டு, எடை ஏறியிருக்கணுமேன்னு என் நோட்டை வாங்கிப் பார்த்தாங்க. பக்கம் முழுக்க ஒரே எண். அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கணும். ஐயா எழுதினதுல தப்பு இருக்காது, பிரஷர் மாத்திரையாலயும் கால் வீங்கும், டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன், நடுவுல மூச்சு வாங்கினா உடனே கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுக் கிளம்பினாங்க. நான் வாசல் வரைக்கும் கூடப் போய் நன்றி சொல்லி அனுப்பி வச்சேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு எழுந்தவ நடையில சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல மூச்சு வாங்குது, உதடு நீலம் பாய்ஞ்சிருக்கு, இருமினா நுரையா வருது. படுக்க வச்சா இன்னும் முட்டும்னு தெரியும், நாற்காலியில நிமிர்த்தி உட்கார வச்சு, காலைத் தொங்கப் போட்டு, ஜன்னலைத் திறந்துட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில எடை அறுபத்தஞ்சு புள்ளி எட்டு. ஊசி போட்டாங்க, மறுநாளைக்குள்ள மூணு லிட்டர் தண்ணி மூத்திரப் பையில இறங்குச்சு. நோட்டுல ஏறவே இல்லையே, திடீர்னு எப்படி இவ்வளவு தண்ணி, உப்பு அதிகமா ஏதாவது சாப்பிட்டீங்களான்னு அங்க இருந்த டாக்டர் அவகிட்ட கேட்டாரு. சரியா அந்த நேரம் பார்த்து நீ போன்ல வந்தே, அவர் கேட்டது உன் காதுலயும் விழுந்துச்சு. உனக்கு நாக்கு பெருசா நாங்க பெருசா, அப்பா இந்த வயசுல உன்னைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கிறாரு, நீ திருட்டுத்தனமா உப்பைத் தின்னு எல்லாத்தையும் பாழாக்கிட்டியேம்மான்னு கத்தினே. உன் மேல தப்பில்ல, பயத்துல கத்தினே. போனை அவ முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நின்னது நான். உங்கம்மா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, என்னை ஒரு தரம் பார்த்துட்டு, ஆமாம்மா, ரெண்டு மூணு நாள் கொஞ்சம் போட்டுக்கிட்டேன், இனிமே மாட்டேன்னு உன்கிட்ட சொன்னா. அப்பவும் நான் உண்மையைச் சொல்லல.

ஆறு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம். நீ டெய்லரம்மாவுக்குப் போன் பண்ணி சமையல்கட்டைச் சோதிக்கச் சொல்லியிருந்தே, பாவம், அந்தம்மா தர்மசங்கடத்தோட வந்து நின்னா. உங்கம்மாவே ஒவ்வொரு டப்பாவா மூடியைத் திறந்து காட்டினா, மாவு, சர்க்கரை, டீத்தூள், கடைசியில என் உப்புக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தை டெய்லரம்மா எடுத்துக்கிட்டுப் போயிட்டா. ஊரெல்லாம் சோதனை போட்டவன் வீட்டுலயே சோதனை நடக்குது, நான் கூடத்துல பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்னையிலேருந்து மூணு வாரமா நீ போன் எடுத்ததும் அவகிட்ட கேக்கிற முதல் கேள்வி, இன்னைக்கு என்ன தின்னேங்கிறதுதான். பேரனைக் காட்டுன்னு அவ கேட்டதுக்கு, முதல்ல நீ ஒழுங்கா இரு, அப்புறம் பார்க்கலாம்னுட்டே. அவ சிரிச்சுக்கிட்டே போனை என்கிட்ட கொடுத்துட்டுப் போய் கொடியிலேருந்து துணியை எடுத்து மடிச்சா. இதுக்கு நடுவுல நர்ஸ் வந்து நீ அனுப்பின மெஷினை இறக்கி ரெண்டுலயும் எடை பார்த்தாங்க, மூணு கிலோ நானூறு வித்தியாசம். ஐயா, உங்க மெஷின் பழசாயிடுச்சு, தூக்கிப் போட்டுடுங்கன்னாங்க. ஆமாங்க, பழசுதான்னு தலையாட்டினேன். தராசுல தப்பைக் கண்டுபிடிச்சதும் அத்தனை கடைக்காரனும் என்கிட்ட சொல்ற பதில் அதுதான் பாப்பா, மெஷின் பழசு சார்னு. ஒருத்தனையும் நான் விட்டதில்ல.

நேத்து டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். உப்பு தின்னுதான் இந்த வினைன்னு ஏற்கெனவே ஃபைல்ல இருக்கு, அதனால மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்ல, சாப்பாட்டை ஒழுங்கு பண்ணினாலே போதும்னு சொல்லிட்டு, நோயாளி பத்தியம் இருக்கிறதில்லைன்னு இன்னொரு வரியும் எழுதினாரு. உங்கம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. வெளிய அவளை பெஞ்சில உட்கார வச்சுட்டு மருந்து வாங்குற வரிசையில நின்னேன், எனக்கு முன்னாடி நாலு பேர். அங்க நிக்கிறப்போதான் மண்டையில உறைச்சுது. உப்பைத் தொடாமலே தண்ணி ஏறியிருக்குன்னா இந்த மாத்திரை அவளுக்குப் போதல, இதே மாத்திரையோட வீட்டுக்குப் போனா மறுபடி அதே கதைதான், என்னைக் காப்பாத்த அவ சொன்ன பொய் அவளையே கொண்டுபோயிடும். வரிசையை விட்டுட்டு, கூப்பிடாமலே உள்ள போனேன். வேற ஒருத்தர் சட்டையைக் கழட்டிட்டுக் கட்டில்ல உட்கார்ந்திருந்தாரு. அவர் இருக்கிறப்பவே, டாக்டர், என் சம்சாரம் உப்பைத் தொடல, நான்தான் முள்ளைத் திருகினேன்னு சொல்லிட்டேன். எத்தனை நாள், எத்தனை கிலோன்னு மட்டும் அவர் கேட்டாரு. ஃபைல்ல அந்த வரியை அடிச்சாரு, மாத்திரையைக் கூட்டினாரு, புதுசா ஒண்ணு சேர்த்தாரு, ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினாரு. பத்தியமா இருந்தும் ஏறியிருக்குன்னா இதயம் இன்னும் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம், ஸ்கேன்ல பார்த்துடுவோம், அந்த முதல் வாரமே எனக்குத் தெரிஞ்சிருந்தா ஆஸ்பத்திரியில சேர்க்காமலே கூட சமாளிச்சிருக்கலாம்னு சொன்னாரு. கை கொடுக்கல. கொடுக்கணும்னு நானும் எதிர்பார்க்கல.

வீட்டுக்கு வந்து அவ காலைத் தலையணை மேல தூக்கி வச்சுட்டு, நீ ஏன் ஆமான்னு சொன்னேன்னு அவளைக் கேட்டேன். துவைக்கிறதுக்குத் துண்டை எடுத்தப்பவே முள்ளைப் பார்த்துட்டாளாம், உங்ககூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு சும்மா இருக்கிற மெஷின்ல முள் எங்க நிக்கணும்னு கூடவா தெரியாதுன்னு கேட்டா. அப்போ ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலைன்னேன். நீங்கதான் என்னைவிட அதிகமா பயந்து போயிருந்தீங்களே, உங்களைப் போய் என்னத்தைக் கேக்கறதுன்னா. எனக்காக அவ மூச்சு முட்டினதைக் கூட வாயை மூடிக்கிட்டுப் பொறுத்திருக்கா பாப்பா, நான் ஆம்பளைன்னு வெளிய தலை காட்டிக்கிட்டுத் திரியறேன். உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. வேண்டாம், என் மேல அவளுக்கு வர்ற கோவம் நாலு நாள்ல ஆறிடும், நீங்க சொல்ற கணக்கை நம்ப முடியாதுன்னு தெரிஞ்சா அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு அவ யாரை நம்பி நிம்மதியாத் தூங்குவா, திட்டு என்னோடயே போகட்டும்னா. அவ பேச்சை மீறித்தான் இதை எழுதுறேன், அவளுக்குத் தெரியாது, தபால் பெட்டி வரைக்கும் நடந்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போய்ப் போட்டுடுவேன்.

இனிமே எடையை நான் அனுப்ப மாட்டேன். நீ கொடுத்த மெஷின்ல அவளே நின்னு, அவளே படிச்சு, அவளே உனக்குச் சொல்லட்டும், நர்ஸோட நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கேன், சந்தேகம்னா அவங்களையே கேளு. அவங்ககிட்டயும் டெய்லரம்மாகிட்டயும் நான் நேர்ல சொல்லிக்கிறேன், அது என் பாடு. ஸ்கேன் முடிவு எப்படி வந்தாலும் அன்னைக்கே உனக்குச் சொல்லச் சொல்லி டாக்டரைக் கேட்டுக்கிட்டேன். என் மேல எவ்வளவு வேணா கோவப்படு, ஒரு மாசம் பேசாம கூட இரு, தாங்கிப்பேன். அதுக்காக நீ சாப்பிடாம கிடக்காதே, ஆபீஸ் வேலைன்னு உட்கார்ந்தே இருக்காதே, மாப்பிள்ளையையும் பிரஷர் பார்த்துக்கச் சொல்லு, அவங்க வீட்டுல எல்லாருக்கும் உண்டு. பேரனுக்கு என் முத்தம். நீங்க மூணு பேரும் நோய் நொடியில்லாம, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மறைக்கிறதுக்கு எதுவும் இல்லாம, நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. இதைப் படிச்சு முடிச்சதும் முதல் போன் அம்மாவுக்குப் போடு, பேரனையும் பக்கத்துல வச்சுக்கோ. அப்பா உளறுறாரு, உப்பு தின்னது நிஜம்தான்னு அவ மறுபடியும் சாதிப்பா. நம்பாதே. எனக்குத் தெரிஞ்சு அவ உன்கிட்ட சொன்ன ஒரே பொய் அது, அதையும் எனக்காகத்தான் சொன்னா.

தலைகுனிஞ்சு எழுதும்,
உன் அப்பா